பக்கத்து போர்ஷன் சாவி

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பதைப் பற்றி, இரண்டு பெண்டாட்டிக்காரன் ஜோக் அடிக்காமல் ஒரு பக்கம் எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது என்று தெரிந்ததால் முதல் வரியிலேயே அதை அடித்து முடித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வரலாம்.

ஒரு பக்கம் விண்டோஸ். இன்னொரு பக்கம் லினக்ஸ். ஹார்ட் டிஸ்க் என்னவோ ஒன்றுதான். நடுவில் சுவர் வைத்து இரண்டு போர்ஷனாகத் தடுத்திருக்கிறார்கள். இந்தத் தடுப்புக்குத்தான் பார்ட்டிஷன் என்று பெயர். மெஷினைப் போட்டதும் 'எந்தப் போர்ஷனுக்குப் போகணும்?' என்று கேட்கும். ஒரு பக்கம் நுழைந்துவிட்டால் மறு பக்கத்துக்கு அன்றைக்கு லீவு. சாமான்கள் உள்ளே இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இந்த ஏற்பாடு அரசாங்கச் செலவிலேயே வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப வருஷங்களில் கொடுத்த மெஷின்களில் விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' என்கிற லினக்ஸும் இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் தயாரித்து 2007-ல் வெளியிட்டது. ப்ளஸ் டூ 'பாஸ்' பண்ணினால் 'பாஸ்' கிடைக்கும் என்று அப்போதே சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த 'பாஸ்' பக்கம் போய்ப் பார்த்தவர்களும் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது இன்னொரு அலை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய மெஷின்கள் பலவற்றில் 11 ஏறாது. எனவே, 'லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமே' என்று போடுகிறார்கள். ஆனால் பழைய விண்டோஸைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. பத்து வருஷத்துக் கல்யாண ஃபோட்டோ, வருமான வரிக் கணக்கு எல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறது. சரி, எங்கே போகப்போகிறது, லினக்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த டிஸ்க் படத்தின் மேல் க்ளிக் செய்தால், ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கிறது. 'இதற்கு நிர்வாகியின் பாஸ்வேர்ட் வேண்டும்.'

சொந்த மெஷின், சொந்தக் காசு, சொந்த மாமனார் ஃபோட்டோ. இதில் நிர்வாகி யார்?

வேடிக்கையாகத்தான் இருக்கும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளே மாட்டிக்கொண்டிருக்காத வரைக்கும். 2015 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் மாடி போர்ஷன் பெண் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இலவச லேப்டாப்தான். விண்டோஸ் பக்கம் போனால் கறுப்புத் திரை, மூலையில் ஒரு சின்னக் கோடு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உள்ளே 64 பக்கம் ரிப்போர்ட். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"கடையில காட்டினேன் அங்கிள். ஃபார்மட் பண்ணிடலாம்மா, ஐநூறு ரூபா, ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்கறாங்க."

நம் ஊர் ரிப்பேர் கடைகளில் சிலருக்கு ஃபார்மட் என்பது ஒரு மருந்து. தலைவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான். ஆளைக் கொன்றுவிட்டு, 'ஜுரம் இறங்கிடுச்சு சார்' என்பார்கள்.

"இன்னொரு பக்கம் இருக்கேம்மா, 'பாஸ்'னு? அதுல போய்ப் பாத்தியா?"

"அதைத் தொட்டா வாரன்டி போயிடும்னு ஸ்கூல்ல சொன்னாங்க அங்கிள்."

தொட்டோம். வாரன்டி ஏற்கெனவே போய்விட்டிருந்ததால் பாதகமில்லை. 'பாஸ்' ஒழுங்காக வந்து நின்றது. ஓரத்தில் விண்டோஸ் டிஸ்க்கின் படமும் தெரிந்தது. க்ளிக் செய்தாள். அதே சின்னக் கட்டம். நிர்வாகியின் பாஸ்வேர்ட்.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு, கட்டம் ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் ரொம்பப் பழசு. 1969-ல் பெல் லேபரட்டரியில் யூனிக்ஸ் பிறந்தபோது ஒரு கம்ப்யூட்டர் என்பது பல பேர் கூடிப் பயன்படுத்தும் சத்திரம். ஆகவே ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று விஷயம் எழுதி வைத்தார்கள். சொந்தக்காரர் யார், அவர் எந்தக் கோஷ்டி, மற்றவர்களுக்கு என்ன உரிமை. எல்லாச் சாவியும் வைத்திருக்கும் மேனேஜர் ஒருவர், அவர் பெயர் 'ரூட்'. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸை எழுதியபோது இந்தச் சத்திர வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். வீட்டில் நீங்கள் ஒருவரே இருந்தாலும் லினக்ஸுக்கு அது சத்திரம்தான். புது டிஸ்க் எதையாவது உள்ளே கொண்டுவந்து மாட்ட வேண்டும் என்றால் மேனேஜர் சொல்ல வேண்டும். இந்த மாட்டுவதற்கு 'மவுண்ட்' என்று பெயர்.

மைக்ரோசாஃப்ட் வளர்ந்த விதம் வேறு. ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு ஆள். 1977-ல் அவர்கள் தொடங்கிய 'ஃபேட்' என்கிற ஃபைல் அமைப்பில் சொந்தக்காரர் பெயரை எழுத இடமே கிடையாது. இன்றைக்கும் பென் டிரைவ்களில் பெரும்பாலும் அந்தக் குடும்பத்து வாரிசுகள்தான் இருக்கிறார்கள். இந்த டிஸ்க் லினக்ஸிடம் வரும்போது பட்டா இல்லாத நிலம் மாதிரி வருகிறது. யாருடையது என்று தெரியாத நிலத்தை என்ன செய்வார்கள்? புறம்போக்கு என்று சர்க்கார் பெயரில் எழுதிவிடுவார்கள். லினக்ஸும் அப்படியே, யார் மாட்டினாரோ அவர் பெயரில் எழுதிவிடும். மாட்டியவர் ரூட் என்றால் எல்லாம் ரூட் சொத்து. மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. 'உரிமையை மாற்று' என்று எத்தனை கட்டளை போட்டாலும் பலிக்காது. மாற்றி எழுத அங்கே கட்டம் இல்லையே!

1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த 'என்டிஎஃப்எஸ்' இதற்கு நேர் எதிர். அதில் சொந்தக்காரர், அனுமதிப் பட்டியல் எல்லாம் உண்டு, விலாவாரியாக உண்டு. சங்கடம் என்னவென்றால், லினக்ஸுக்கு நீங்கள் வெறும் 1000-ம் நம்பர் ஆசாமி. விண்டோஸுக்கு நீங்கள் ரயில் நீளத்துக்கு ஒரு நம்பர். இந்த வாட்ச்மேன் நோட்டில் இருக்கிற பெயர் அந்த வாட்ச்மேன் நோட்டில் இல்லை. போதாததற்கு, லினக்ஸ் வெகுகாலம் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கத்தான் செய்தது, அதில் எழுதப் பயந்தது. படிக்கவும் ரூட்டை மட்டும்தான் விட்டது. ஹங்கேரிக்காரர் ஒருவர் முன்னின்று செய்த 'என்டிஎஃப்எஸ்-3ஜி' 2007-ல் வந்த பிறகுதான் தைரியமாக எழுத முடிந்தது. அது என்ன செய்தது தெரியுமா? நீங்கள் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் எல்லா உரிமையும் என்று திறந்துவிட்டது. முன்னவர் கதவையே திறக்க மாட்டார், பின்னவர் கதவைக் கழற்றியே வைத்துவிடுவார்.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம். அந்த லேப்டாப்பை முதலில் பிரித்து அமைத்தது அவள் அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. விடுமுறைக்கு வரும்போது அவனும் அதைத்தான் பயன்படுத்துவான். ஃபோன் போட்டோம்.

"பாஸ்வேர்ட் என்னப்பா?" என்றேன்.

"எதுக்கு சார்?"

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மௌனம். பின்னணியில் தையல் மெஷின்கள் ஓடுவது கேட்டது.

"சார், விண்டோஸ்ல எனக்குத் தனி அக்கவுன்ட் இருக்கு. அதுல என் ஃபைலெல்லாம் இருக்கு. லினக்ஸ்ல இருந்து பாத்தா அது தெரியாதில்ல?"

"தெரியும்பா."

"நான் பாஸ்வேர்ட் போட்டு வெச்சிருக்கேனே சார்?"

"போட்டிருக்கே. அந்த பாஸ்வேர்டைக் கேக்கற வாட்ச்மேன் விண்டோஸ். அவன்தான் இப்ப மூர்ச்சையாக் கிடக்கறானே!"

இதுதான் பெரும்பாலானவர்கள் நம்ப மறுக்கிற சமாசாரம். நாம் விண்டோஸில் போடும் பாஸ்வேர்ட் டிஸ்க்கில் போட்ட பூட்டு அல்ல. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்லி வைத்த வார்த்தை. அந்த ஆளை எழுப்பாமல் வேறு வாசல் வழியாக வருகிறவருக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். 2000-ல் ஜெர்மனியில் க்ளாஸ் நாப்பர் என்பவர் 'நாப்பிக்ஸ்' என்று ஒரு ஸி.டி. வெளியிட்டார். டிஸ்க்கில் ஒன்றையும் ஏற்றாமல், ஸி.டி.யிலிருந்தே லினக்ஸ் ஓடும். அதைப் போட்டு அடுத்தவர் விண்டோஸுக்குள் நுழைந்து, போகிறது என்று நினைத்த ஃபைல்களை மீட்டவர்கள் உண்டு. மீட்க வந்தவர் மட்டும்தான் நுழைய முடியும் என்று எந்த ஸி.டி.யும் பார்த்துக்கொண்டிருக்காது.

"அவன் ஃபோல்டர்ல எனக்கென்ன வேலை அங்கிள்? ஏதாவது லவ் லெட்டராதான் இருக்கும்" என்றாள் தங்கை.

"சார், ஸ்பீக்கர்லயா இருக்கு?" என்றான் அண்ணன் பதறி.

சமாதானப் பேச்சு பத்து நிமிஷம் நடந்தது. நான்தான் கட்டளை போடுவேன், அவள் ஃபோல்டரை மட்டும் எடுப்போம், உடனே கழற்றிவிடுவோம். ஒப்புக்கொண்டு பாஸ்வேர்டைச் சொன்னான். எட்டு எண்கள். நான் தட்டத் தட்ட அந்தப் பெண் முகம் மாறியது. அவளுடைய பிறந்த தேதி.

'படிக்க மட்டும்' என்ற நிபந்தனையோடு மாட்டினேன். உயிருக்குப் போராடும் டிஸ்க்கில் முதலில் எழுதக் கூடாது. நாம் ஒன்று எழுதப் போய் அது ரிப்போர்ட்டின் மேலேயே விழுந்தால் யாரிடம் சொல்லி அழுவது? 64 பக்கமும் பென் டிரைவுக்கு வந்துவிட்டன. பக்கத்திலேயே அண்ணன் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். கழற்றினோம்.

சித்திரை விடுமுறைக்கு அவன் வந்தபோது, 'இனிமே ஒவ்வொரு தடவையும் எனக்கு ஃபோன் பண்ண வேண்டாம், ஏதாவது நிரந்தரமா பண்ணுங்க சார்' என்றான். பண்ணலாம். லினக்ஸில் 'எஃப்எஸ்டாப்' என்று ஒரு ஃபைல் உண்டு. எந்த டிஸ்க்கை எங்கே, எந்த நிபந்தனையில் மாட்டுவது என்று வரிக்கு ஒன்றாக எழுதிய குத்தகைப் பத்திரம் அது. ரூட்டாக நுழைந்து ஒரு வரி சேர்த்தால், மெஷின் எழும்போதே மாட்டிவிடும். அதற்கு முன் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் காலையில் மெஷின் பாதியில் நின்றுவிடும். 'நோஃபெயில்' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டால், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று மேலே போய்விடும்.

அந்த வரியில் முக்கியமானது 'யூமாஸ்க்' என்று ஒரு நம்பர். இதைப் போட்ட ஆசாமிக்குக் குறும்பு அதிகம். எதைக் கொடுக்கிறோம் என்று எழுதுவதில்லை, எதைப் பிடுங்குகிறோம் என்று எழுத வேண்டும். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. மூன்று இலக்கங்கள். முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, அடுத்தது கோஷ்டிக்கு, கடைசி ஊராருக்கு. 022 என்றால் மற்ற இரு தரப்பிடமும் எழுதும் உரிமையைப் பிடுங்கியாயிற்று, படிக்கலாம். 000 என்றால் ஒன்றையும் பிடுங்கவில்லை, எல்லோரும் எல்லாமும் செய்யலாம். தெரிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்த முட்டை மூன்றைத்தான் சொல்வார்கள். உடனே வேலை செய்யும், கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். மூன்றாம் நாள் லீவுக்கு வந்த அத்தை பையன் லினக்ஸில் உட்கார்ந்து, 'இது என்ன, விண்டோஸ்னு ஒரு ஃபோல்டர், இவ்வளவு இடம் அடைச்சிட்டிருக்கு!' என்று அழித்துவிடுவான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் 'இதை அழிக்கக் கூடாது' என்று தடுத்திருக்கும். அதுதான் அன்றைக்கு லீவு ஆயிற்றே!

மாட்டும் உரிமையையே சாதாரணர்களுக்குக் கொடுக்கவும் வழி உண்டு. 'யூஸர்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் யார் வேண்டுமானாலும் மாட்டலாம், ஆனால் மாட்டியவர்தான் கழற்ற முடியும். 'யூஸர்ஸ்' என்று எழுதினால் ஒருவர் மாட்டியதை இன்னொருவர் கழற்றலாம். ஒரே ஒரு 'ஸ்'. கூட்டுக் குடும்பங்கள் யோசித்து எழுதவும்.

அண்ணனுடைய சிக்கல் இதிலெல்லாம் தீரவில்லை. இந்த யூமாஸ்க் விவகாரம் பார்ட்டிஷன் முழுவதற்கும் ஒரே கணக்கு. இந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு என்று அதில் எழுத முடியாது. தங்கை ரிப்போர்ட்டுக்காகக் கதவைத் திறந்தால் அண்ணன் பெட்டியும் சேர்ந்து திறக்கும். ஆகவே அவன் கேட்டதை நான் செய்யவில்லை. விண்டோஸ் பார்ட்டிஷனை அப்படியே ரூட்டிடம் விட்டுவிட்டு, டிஸ்க்கில் மிச்சமிருந்த இடத்தில் 20 ஜி.பி.க்குப் புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டோம். இரண்டு பக்கத்துக்கும் பொது. பழைய வீடுகளில் வாசலில் திண்ணை இருக்குமே, அது மாதிரி. வருகிறவர் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், கூடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. அவள் அதற்குத் 'திண்ணை' என்றே பெயர் வைத்தாள். அண்ணன் தங்கை இருவரையும் ஒரு கோஷ்டியாக்கி, யூமாஸ்க் 007 என்று எழுதினேன். கோஷ்டிக்கு எல்லாம், ஊராருக்கு ஒன்றும் இல்லை. ஜேம்ஸ்பாண்ட் நம்பர் என்பதால் அவர்களுக்கு மறக்கவும் இல்லை. அவன் தன் ஃபோல்டரை ஒரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு திருப்பூருக்கு எடுத்துப் போய்விட்டான். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்க வேண்டாம்.

இந்தக் காலத்துப் புது மெஷின்களில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. விண்டோஸ் 11 பல மெஷின்களில் தானாகவே டிஸ்க்கைச் சங்கேதமாக்கிவிடுகிறது. இது நிஜமான பூட்டு. எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே இருப்பது எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். லினக்ஸிலிருந்து திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. அந்த மாடிப் பெண்ணின் கதை இன்றைக்கு நடந்து, அண்ணனுக்கும் அந்தச் சாவி தெரியாமல் போயிருந்தால், 64 பக்கத்தையும் மறுபடி டைப் அடிக்க வேண்டியதுதான்.

இன்னொரு தொல்லை, 2012-ல் விண்டோஸ் 8-ல் தொடங்கியது. 'ஷட் டவுன்' கொடுத்தால் மெஷின் அணைகிறது, ஆனால் விண்டோஸ் முழுசாகச் சாவதில்லை. அரைத் தூக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது, மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுதப் போனால், 'அங்கே ஆள் படுத்திருக்கார், வேணும்னா எட்டிப் பாத்துட்டுப் போ' என்று படிக்க மட்டும் விடும். யூமாஸ்க்கில் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்க நம்பரை மாற்றிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸில் 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் நிஜமாகவே அணையும். திண்ணை வைத்திருப்பவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளலாம், அல்லது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதையே நிறுத்திவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் லினக்ஸிலிருந்து விண்டோஸ் போர்ஷனுக்குப் போகிற வழி. மறுபக்கத்திலிருந்து? லினக்ஸ், பக்கத்து வீட்டுக்காரர் பாஷையைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் அந்த அளவுக்கு மெனக்கெடவில்லை. லினக்ஸ் பார்ட்டிஷன் அதற்குப் பெரும்பாலும் பெயரில்லாத காலி மனையாகத்தான் தெரியும். சில சமயம், முக்கியமாக வெளியிலிருந்து செருகும் ஹார்ட் டிஸ்க்குகளில், அதற்கு ஒரு எழுத்தும் கொடுத்து மரியாதையாக ஒரு கேள்வி கேட்கும். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?' வேறொருவர் குடியிருக்கிற வீட்டைக் காட்டி, 'இடிச்சுடலாமா சார்?' என்கிற மாதிரி.

திண்ணை போட்ட அன்று அந்தக் கட்டத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "இது வந்தா என்னம்மா அழுத்துவே?"

"கேன்சல்" என்றாள்.

"கடைக்காரர் அழுத்தச் சொன்னா?"

"கடையை மாத்திடுவேன் அங்கிள்."